வோல்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓமும் வாட்டும் கையில்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டமோ தென்னந்தோப்போ, கிணற்றடி மோட்டார் அறைக்குள் எட்டிப் பார்த்தால் ஸ்டார்ட்டர் பெட்டியின் முகத்தில் பெரும்பாலும் இரண்டு மீட்டர்கள் இருக்கும். ஒன்று வோல்ட், மற்றது ஆம்பியர். மோட்டார் போட வருகிறவர் முதல் மீட்டரைப் பார்ப்பார், "வோல்டேஜ் பரவாயில்லை" என்பார், பச்சைப் பொத்தானை அழுத்துவார். இரண்டாவது மீட்டர் அது பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கும். அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போதும். எவ்வளவு மின்தடை, எவ்வளவு திறன் என்று இரண்டும் தெரிந்துவிடும். பத்தாம் வகுப்பில் படித்ததுதான். ஆனால் பரீட்சைக்குப் படித்த கணக்கு ஹீட்டரையும் மோட்டாரையும் ஜீப் விளக்கையும் பார்த்துப் போடும்போதுதான் வேலைக்கு ஆகிறது. அதைத்தான் இங்கே செய்யப் போகிறோம். கால்குலேட்டர் உள்ள போன் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வோல்ட் என்றால் என்ன, ஆம்பியர் என்றால் என்ன என்பதற்கு நம் ஊரிலேயே கண்ணுக்குத் தெரிகிற உதாரணம் இருக்கிறது. கூடலூர் தாண்டிக் குமுளிக்கு ஏறும்போது, லோயர் கேம்ப் மலைச்சரிவில் பெரிய குழாய்கள் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, அந்தக் குழாய்களில் இறங்கி, கீழே பெரியாறு மின் நிலையத்தின் டர்பைன்களைச் சுற்றுகிறது. தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்குகிறது என்பதை வோல்டேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது கரண்ட், அதாவது ஆம்பியர். உயரம் இருந்தும் அணையில் திறப்பு இல்லையென்றால் டர்பைன் நிற்கும். தண்ணீர் ஏராளமாக இருந்தும் உயரமே இல்லையென்றால் அதுவும் வீண். இரண்டையும் பெருக்கி வருவதுதான் வேலை செய்யும் வேகம்: திறன், அதாவது வாட். குழாய் குறுகலாக இருந்தால் அதே உயரத்துக்குக் குறைவாகத்தான் ஓடும். அந்தக் குறுகல்தான் மின்தடை, ஓம். தண்ணீர் உவமை இத்தோடு போதும். மோட்டாருக்கு வரும்போது அது கைகொடுக்காது.

இனி கணக்கு.

ஓம் = வோல்ட் ÷ ஆம்பியர்
வாட் = வோல்ட் × ஆம்பியர்

முதல் வரி ஜார்ஜ் சைமன் ஓம் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியருடையது. 1827இல் அவர் இதைப் புத்தகமாக வெளியிட்டபோது சொந்த நாட்டில் பெரிய வரவேற்பு இல்லை. பிறகு உலகமே அவர் பெயரை அலகாக வைத்துக்கொண்டது. கம்பியில் கரண்ட் ஓடும்போது எவ்வளவு சூடு பிறக்கிறது என்பதை 1840 வாக்கில் அளந்து சொன்னவர் இங்கிலாந்தின் ஜூல். பீர் காய்ச்சும் தொழில் செய்த குடும்பத்துப் பிள்ளை, வெப்பமானியைப் பார்ப்பதில் கெட்டிக்காரர்.

ஒரு வாட்டர் ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். ஏலத்தோட்டத்து லைன் வீடுகளில் மார்கழிக் குளிரில் பக்கெட்டுக்குள் தொங்கவிடுகிறோமே, அந்தச் சுருள் ராடு. அது ஓடும்போது வோல்ட் 230, ஆம்பியர் 6.5 என்று காட்டுகிறது. 230ஐ 6.5ஆல் வகுத்தால் 35.4 ஓம். 230ஐ 6.5ஆல் பெருக்கினால் 1495 வாட். ராடின் கைப்பிடியில் 1500 வாட் என்று அச்சடித்திருப்பதோடு ஒத்துப்போகிறது. சரி, கணக்கு முடிந்தது. இதற்கா இத்தனை பேச்சு என்று தோன்றலாம்.

விஷயம் அடுத்த கேள்வியில்தான் இருக்கிறது. விடியற்காலையில் ஊரே விளக்கும் மிக்சியும் போடுகிற நேரத்தில் வோல்டேஜ் 180க்கு இறங்கிவிட்டது. ராடு இப்போது எத்தனை வாட் தரும்? 230க்கு 180 என்றால் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் குறைவு, சூடும் அதே அளவு குறையும் என்றுதான் எல்லோரும் மனக்கணக்குப் போடுவார்கள். போட்டுப் பார்ப்போம். ராடின் 35.4 ஓம் அப்படியேதான் இருக்கிறது. ராடுக்குள் சூடேறும் நிக்ரோம் கம்பியின் தடை சூட்டில் பெரிதாக மாறாது. ஆகவே ஆம்பியர் = 180 ÷ 35.4 = 5.08. வாட் = 180 × 5.08 = 915 சுமார். 1495இல் 915 என்பது 61 விழுக்காடு. சூட்டில் நாற்பது விழுக்காடு போயே போய்விட்டது.

ஏன் இவ்வளவு? வோல்டேஜ் இறங்கினால் அதோடு சேர்ந்து ஆம்பியரும் இறங்குகிறது. வாட் என்பது இரண்டின் பெருக்கல். ஆகவே அடி இரண்டு முறை விழுகிறது. 180ஐ 230ஆல் வகுத்தால் 0.78, அதை அதாலேயே பெருக்கினால் 0.61. இதை ஒரே வரியாகச் சுருக்கினால்:

வாட் = வோல்ட் × வோல்ட் ÷ ஓம்

இருபது லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக சுமார் 2100 கிலோஜூல் வேண்டும். பக்கெட்டிலிருந்து வெளியே போகும் சூட்டைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், 1495 வாட்டில் இதற்கு 23 நிமிடம். 915 வாட்டில் 38 நிமிடம். வேலைக்குக் கிளம்ப ஜீப் வந்து நிற்கும் நேரத்தில் இந்தக் கால் மணி நேரம் பெரிய விஷயம்.

அப்புறம் ஒன்று. "வோல்டேஜ் கம்மியானா கரண்ட் பில் ஏறும்" என்று ஊரில் பலர் அடித்துச் சொல்வார்கள். ஹீட்டர் விஷயத்தில் அது சரியில்லை. 2100 கிலோஜூல் என்பது 0.58 யூனிட். வேகமாகக் கொடுத்தாலும் மெதுவாகக் கொடுத்தாலும் தண்ணீருக்குப் போக வேண்டியது அவ்வளவுதான். ஒரு யூனிட் என்பது ஆயிரம் வாட்டை ஒரு மணி நேரம் எரிப்பது. வாட் குறைந்தால் நேரம் கூடிச் சரிக்கட்டிவிடும். நேரம் நீள்வதால் பக்கெட் வழியாகக் கொஞ்சம் கூடுதலாகச் சூடு போகும், அவ்வளவே. மோட்டார் கதை வேறு, அதற்கு வருகிறேன்.

இதே வாட்டை வேறு மாதிரியும் எழுதலாம். வோல்ட் என்பது ஆம்பியரையும் ஓமையும் பெருக்கியது. அதை இரண்டாவது வரியில் வோல்டுக்குப் பதிலாக வைத்தால்:

வாட் = ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்

புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் முட்டிக்கொள்வார்கள். மேலே உள்ள வரியில் ஓம் வகுக்கிறது, ஆகவே ஓம் கூடினால் வாட் குறைய வேண்டும். இந்த வரியில் ஓம் பெருக்குகிறது, ஆகவே ஓம் கூடினால் வாட் கூட வேண்டும். எது உண்மை? இரண்டும்தான். எது மாறாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பிளக்கில் சொருகும் ஹீட்டருக்கு வோல்டேஜ்தான் கொடுக்கப்பட்டது. ராடுக்கு ராடு அது மாறாது. ஆகவே ஓம் குறைந்த ராடுதான் அதிகச் சூடு தரும்: 1000 வாட் ராடுக்கு 52.9 ஓம், 1500 வாட் ராடுக்கு 35 ஓம் சுமார். ஹீட்டருக்குப் போகும் ஒயரின் கதை வேறு. அதில் எத்தனை ஆம்பியர் ஓட வேண்டும் என்பதைக் கிட்டத்தட்ட ஹீட்டரே முடிவு செய்துவிடுகிறது. அந்த ஆம்பியர் ஒயரின் எல்லா இடத்திலும், ஜாயின்ட்டிலும் பிளக் முனையிலும் ஒன்றுதான். எங்கே ஓம் அதிகமோ அங்கேதான் சூடு அதிகம். சரியாக முறுக்காத ஜாயின்ட் கருகுவதும், லூசான பிளக் பாயின்ட் உருகுவதும் இதனால்தான்.

ஒயரின் தடையைக் கண்டுபிடிக்க அதை அவிழ்த்து மீட்டரில் வைக்கத் தேவையில்லை. மோட்டாரை ஓடவிட்டுக்கொண்டே கணக்குப் போடலாம். ரோட்டோரம் மீட்டர் பெட்டி, தோட்டத்துக்குள் 120 மீட்டர் தள்ளிக் கிணறு, கிணற்று மேட்டில் ஒரு குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் ஓடும்போது பெட்டியில் 220 வோல்ட். அதே நேரத்தில் மோட்டார் முனையில் 206. ஆம்பியர் 8. நடுவே காணாமல் போன 14 வோல்ட் ஒயருக்கு உரியது. 14 ÷ 8 = 1.75 ஓம். 14 × 8 = 112 வாட். அந்த 112 வாட் தண்ணீர் இறைக்கப் போகாமல் ஒயரைச் சூடாக்கவே போகிறது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்குக் கிலோமீட்டருக்கு 7.4 ஓம் சுமார். போக 120, வர 120, மொத்தம் 240 மீட்டருக்கு 1.78 ஓம் வரும். ஆக ஒயரில் கோளாறு இல்லை, ஒயர்தான் மெலிசு. 4 சதுர மில்லிமீட்டர் போட்டிருந்தால் தடை 1.1 ஓமுக்கு இறங்கும், இழப்பு 9 வோல்டுக்குள் அடங்கும். கணக்கில் வர வேண்டியதைவிட அளந்தது ரொம்ப அதிகமாக, மூன்று ஓம் நான்கு ஓம் என்று வந்தால்தான் வழியில் எங்கோ ஜாயின்ட் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்த 112 வாட் யார் பில்லிலும் வருவதில்லை. அதனாலேயே மெலிசான ஒயர் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. வோல்டேஜ் குறைந்து மோட்டார் காயில் கருகும்போது, காசு காயில் கட்டும் கடையில்தான் கேட்கப்படுகிறது.

ஒரே அளவு தடை ஓரிடத்தில் தொல்லையாகவும் வேறிடத்தில் ஒன்றுமே இல்லாததாகவும் இருக்கும். கம்பம்மெட்டு வழியாகத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பின் முன்விளக்கைப் பாருங்கள். 12 வோல்ட், 60 வாட். 60 ÷ 12 = 5 ஆம்பியர். 12 ÷ 5 = 2.4 ஓம். மழையிலும் சேற்றிலும், விளக்கின் கரண்ட் வண்டி உடம்பு வழியாகத் திரும்பும் எர்த் போல்ட் துருப்பிடித்து அங்கே 0.3 ஓம் சேர்ந்துவிட்டது என்றால் மொத்தம் 2.7 ஓம், ஆம்பியர் 4.4க்கு இறங்கும், பல்புக்குக் கிடைப்பது சுமார் 47 வாட். பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவில் இந்த வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் வாட் குறையும் வேகத்தைவிட வெளிச்சம் வேகமாகக் குறையும். போல்டைத் தேய்த்து இறுக்கினால் விளக்கு மீண்டுவிடும், புது பல்பு வாங்க வேண்டியதில்லை. அதே 0.3 ஓம் வீட்டில் 60 வாட் குண்டு பல்புக்கு முன்னால் இருந்தால்? அந்தப் பல்பு இழுப்பது 0.26 ஆம்பியர்தான், அதன் தடை 882 ஓம். 0.3 ஓமில் காணாமல் போவது 0.08 வோல்ட். யாருக்கும் தெரியாது.

வோல்டேஜ் ஏற ஏற, அதே வாட்டுக்குத் தேவைப்படும் ஆம்பியர் இறங்குகிறது. ஆம்பியர் இறங்கினால் ஒயர் தின்னும் வாட் அதன் வர்க்கமாக இறங்குகிறது. பெரிய பெரிய கோபுரங்களில் உயர் அழுத்தக் கம்பிகள் போவதற்குக் காரணம் முழுக்க இதுதான். லோயர் கேம்ப் நிலையம் முதலில் அமைந்தபோது அதன் எந்திரங்கள் தலா 35 மெகாவாட் கொண்டவை. ஒரு எந்திரத்தின் 35 மெகாவாட்டை 230 வோல்டில் அனுப்புவதாக வைத்தால் 1,52,000 ஆம்பியர் ஓட வேண்டும். அதைத் தாங்கும் கம்பியைத் தூக்கி நிறுத்தக் கோபுரம் போதாது. 1,10,000 வோல்டுக்கு ஏற்றி அனுப்பினால் 318 ஆம்பியர் போதும். மூன்று ஃபேஸ் என்பதால் உண்மையான எண் கொஞ்சம் மாறும், சங்கதி மாறாது. கம்பியில் வீணாவது இரண்டு லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது.

இதுவரை ஓம் என்பது ஒரு பொருளுக்கு ஒட்டிய நிலையான எண் என்பது போலவே பேசினேன். ஹீட்டர் ராடுக்கும் ஒயருக்கும் அது ஓரளவு சரி. குண்டு பல்புக்குச் சரியில்லை. மேலே சொன்ன 60 வாட் பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் வையுங்கள். 882 வராது, அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று தோன்றும். கெடவில்லை. டங்ஸ்டன் இழை எரியும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகிறது, அந்தச் சூட்டில் தடை பலமடங்கு ஏறிவிடுகிறது. குளிர்ந்த பல்பில் ஸ்விட்ச் போட்ட அந்த நொடியில் மட்டும் கரண்ட் பத்து மடங்குக்கு மேல் பாய்ந்து உடனே அடங்கும். பழைய பல்புகள் எரிந்துகொண்டிருக்கும்போது போவதைவிட, ஸ்விட்ச் போடும்போதே "டப்" என்று போவது இதனால்தான். ஆகவே எரியும்போது அளந்த வோல்டையும் ஆம்பியரையும் வகுத்து வரும் ஓம், எரியும்போது உள்ள ஓம். அதையே நம்புங்கள். எல்இடி பல்புக்கு இந்த ஓம் கணக்கே பொருந்தாது, உள்ளே எலெக்ட்ரானிக்ஸ் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது மோட்டார். ஒரு குதிரைத்திறன் மோட்டாரின் முனையிலேயே 220 வோல்ட், 8 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 27.5 வருகிறது. மோட்டாரை நிறுத்தி, சப்ளையை முழுக்கத் துண்டித்து, காயிலை மல்டிமீட்டரில் பார்த்தால் சில ஓம்தான் காட்டும். மீதி எங்கே? மோட்டார் சுற்றும்போது அதன் காயிலுக்குள்ளேயே எதிர்த்திசையில் ஒரு வோல்டேஜ் பிறக்கிறது. வரும் வோல்டேஜை அது எதிர்த்து நிற்பதால் 8 ஆம்பியரோடு அடங்குகிறது. சுற்ற ஆரம்பிக்கும் முன்பு அந்த எதிர்ப்பு குறைவு, அதனால்தான் ஸ்டார்ட் செய்யும்போது ஆம்பியர் முள் ஐந்தாறு மடங்கு தாவிவிட்டு இறங்குகிறது. மண் அடைத்து மோட்டார் சுற்றாமல் நின்றுவிட்டால் தாவிய முள் இறங்காது, சிறிது நேரத்தில் காயில் வாசனை வரும்.

வாட் கணக்கும் மோட்டாரில் கொஞ்சம் வளைகிறது. 220 × 8 = 1760. ஆனால் மீட்டரில் யூனிட்டாக ஓடுவது அதைவிடக் குறைவு. திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரத்தில் காயில் இருந்தால் கரண்ட் வோல்டேஜுக்குச் சற்றுப் பின்தங்கி வரும். அதற்காகப் பவர் ஃபேக்டர் என்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். அது 0.85 என்றால் 1496 வாட். ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். ஆக உள்ளே போவதில் பாதிதான் தண்டில் வேலையாக வெளியே வருகிறது. சிறிய மோட்டார்கள் அப்படித்தான்.

வோல்டேஜ் இறங்கும்போது ஹீட்டரும் மோட்டாரும் நேர் எதிராக நடந்துகொள்கின்றன. ஹீட்டருக்கு ஆம்பியரும் சேர்ந்து இறங்கும், அது பாட்டுக்கு மெதுவாகச் சூடாகும், யாருக்கும் நட்டமில்லை. மோட்டாரின் தலையில் பம்பின் பாரம் இருக்கிறது. தண்ணீரைத் தூக்க வேண்டிய வேலையைச் செய்துமுடிக்க அது கூடுதல் ஆம்பியரை இழுக்கும். 8 ஆம்பியர் 10 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் பங்குதானே கூடியிருக்கிறது என்று விடக்கூடாது. காயிலின் சூட்டுக்கு ஆம்பியர் × ஆம்பியர் × ஓம். 8 × 8 = 64. 10 × 10 = 100. சூடு ஒன்றரை மடங்குக்கும் மேல். வோல்ட் மீட்டரைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது தெரியாது. காயிலின் ஆயுளைச் சொல்லும் முள் ஆம்பியர் முள்தான். மோட்டாரின் பெயர்ப்பலகையில் எத்தனை ஆம்பியர் என்று அடித்திருக்கும். அதைப் பெயின்ட்டால் மீட்டர் கண்ணாடியில் ஒரு கோடாகப் போட்டு வைத்துவிட்டால், தண்ணீர் பாய்ச்ச வரும் யாரும் கோட்டைத் தாண்டினால் நிறுத்திவிடலாம்.

அளப்பதற்கு ஆம்பியர் மீட்டர் இல்லாத வீடுகளில் டாங் டெஸ்டர் நல்லது. ஒயரை வெட்டாமல், அவிழ்க்காமல், இடுக்கியை ஒயரைச் சுற்றி மூடினால் ஆம்பியர் காட்டும். ஒரே ஒயரைத்தான் சுற்ற வேண்டும். போகிற ஒயர், வருகிற ஒயர் இரண்டையும் சேர்த்துச் சுற்றினால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு சுழி காட்டும். சாதாரண மல்டிமீட்டரின் ஆம்பியர் துளையில் கம்பியை வைத்துக்கொண்டு பிளக் பாயின்ட்டில் விடவே கூடாது. அந்த நிலையில் மீட்டரின் தடை ஏறக்குறைய சுழி, 230ஐச் சுழியால் வகுத்தால் என்ன வரும் என்று யோசித்தாலே போதும். ஓம் அளக்கும்போது சப்ளை இருக்கக்கூடாது. மோட்டாரில் கெபாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) இருந்தால் அதையும் டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஈரக் கையோடு கிணற்று மேட்டில் நின்று இதில் எதையும் செய்யாதீர்கள். உரிமம் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டு, அவர் அளக்கட்டும், கணக்கை நீங்கள் போடுங்கள்.

மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு வாட் கணக்கில் 1.732 என்ற எண்ணும் சேரும். 415 வோல்ட், 7.5 ஆம்பியர், பவர் ஃபேக்டர் 0.8 என்றால் 1.732 × 415 × 7.5 × 0.8 = 4313 வாட் சுமார். ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்குப் பொருந்தும் எண். மூன்று ஒயரிலும் ஆம்பியர் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்றில் சுழி காட்டி மற்ற இரண்டில் ஏறியிருந்தால் ஒரு ஃபேஸ் வரவில்லை என்று அர்த்தம். கணக்கு அப்புறம், முதலில் மோட்டாரை நிறுத்துங்கள்.